முழங்காலும் மோட்டார் சைக்கிளும்

வண்டி வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பார். பிறகு நிறம். உட்கார்ந்து பார்த்து, கால் தரையில் படுகிறதா, முதுகு நிமிர்ந்து இருக்கிறதா, இறங்கும்போது முழங்கால் மடங்குகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. இளமையில் உடம்பு எந்த வண்டிக்கும் ஒத்துப்போய்விடும். ஒருமுறை அடிபட்ட பிறகு நிலைமை மாறுகிறது. வண்டி உடம்புக்கு ஒத்துவர வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 15 கிலோமீட்டர். மாமல்லபுரமும் கிட்டத்தட்ட அதே தூரம். பஸ் இருக்கிறது. ஆனால் பஸ் படியில் ஏறுவது, நின்றுகொண்டே போவது, இறங்கிய இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ டிரஷரிக்கோ நடப்பது எல்லாம் அடிபட்ட காலுக்குச் சுலபமல்ல. வண்டியை விட்டுவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் பிள்ளைகளின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால், அடிபட்டவருக்கு எந்த வண்டி என்ற கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கலாம் என நினைத்தேன். பார்த்தால் மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் பாதி, உடம்பு வலியைக் குறைக்க மனிதர்கள் பட்ட பாடுதான்.

எலும்பை உலுக்கிய வண்டி

1860களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் பெடல் வைத்த இரு சக்கர வண்டிகளைச் செய்து விற்றார்கள். மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் ஓட்டினால் எப்படி இருக்கும்! ஆங்கிலேயர் அதற்கு வைத்த செல்லப்பெயருக்கு ‘எலும்பை உலுக்கி’ என்று பொருள்.

அந்த வலிக்கு முதல் பெரிய மருந்தைக் கண்டுபிடித்தவர் இன்ஜினீயர் அல்ல, கால்நடை மருத்துவர். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே 1845-ல் ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் ஊர் உலகுக்கெல்லாம் பரவியது டன்லப் காலத்தில்தான். இன்று நாம் ஏறும் எந்த வண்டியிலும் முதல் ஷாக் அப்சார்பர் டயருக்குள் இருக்கும் காற்றுதான். காற்றின் அளவு தப்பானால் மற்ற எந்த ஸ்பிரிங்கும் முழுதாக உதவாது.

பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சில் படித்தவன். புதுச்சேரியில் அப்போது மோட்டார் சைக்கிளை ‘மோட்டோசிக்லெத்’ என்போம். அது ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாரிஸில் தொழில் செய்த வெர்னர் சகோதரர்கள் 1897-ல் தங்கள் வண்டிக்கு வைத்த பெயர் அது. முதலில் அவர்கள் இன்ஜினை முன் சக்கரத்துக்கு மேலே வைத்தார்கள். கனம் உயரத்தில் இருந்ததால் ஈரத்தெருவில் வண்டி வழுக்கிச் சாயும். 1901-ல் இன்ஜினைக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, பெடல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி நிதானமாக நின்றது. இன்றைக்கும் மோட்டார் சைக்கிளில் இன்ஜின் இருக்கும் இடம் அதுதான். கனம் கீழே இருந்தால் சாயும்போது தாங்குவது எளிது. முழங்காலில் அடிபட்டவருக்கு இது முதல் பாடம்.

திருவொற்றியூர் தந்த புல்லட்

ராயல் என்ஃபீல்டு புல்லட் என்றதும் நமக்கு அதன் சத்தம்தான் ஞாபகம் வரும். ஆனால் அது பெயர் வாங்கியதற்கு ஒரு முக்கிய காரணம் சொகுசு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியைத் தாங்குவது சீட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கும் ஓட்டுபவரின் முதுகெலும்பும்தான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் 1948-ல் என்ஃபீல்டு கம்பெனி ஒரு புதிய வண்டியைப் போட்டிக்கு அனுப்பியது. அதில் பின் சக்கரம் ஒரு கீல் வைத்த கையில் பொருத்தப்பட்டு, இருபுறமும் ஷாக் அப்சார்பரோடு மேலும் கீழும் ஆடியது. ‘இதெல்லாம் கரடுமுரடான போட்டிக்குச் சரிவராது’ என்று நினைத்தவர்கள் அப்போது உண்டு. 1949-ல் அது 350 சி.சி. புல்லட்டாக விற்பனைக்கு வந்தது. சில வருடங்களுக்குள் மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன.

நம் இராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக வண்டி வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக 350 சி.சி. புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் செய்தார்கள். 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் என்ஃபீல்டு தயாரிப்பு நின்றேவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2013-ல் நமக்குப் பக்கத்திலேயே, ஒரகடத்தில், புதிய தொழிற்சாலை திறந்தார்கள்.

சீட்டில் உட்கார்ந்துவிட்டால் பழைய புல்லட் ராஜாசனம். நிமிர்ந்த முதுகு, கைக்கு எட்டும் ஹேண்டில் பார், 19 அங்குலச் சக்கரம். பள்ளம் மேடு தெரியாது. கஷ்டமெல்லாம் உட்காருவதற்கு முன்னால்தான். அதை ஸ்டார்ட் செய்யும் முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். டிகம்ப்ரஸர் நெம்பை இழுத்துப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும். நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பின் கனம் முழுவதையும் வலது காலில் இறக்கி ஓர் உதை. இடம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிக்கரும் வலது பக்கம். பழைய புல்லட்டில் கியரும் வலது பக்கம். இடது காலுக்குப் பின் பிரேக் மட்டும். 1970களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடது காலிலும் பிரேக் வலது காலிலும்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. உலகம் முழுதும் கம்பெனிகள் அதற்கு மாறின. நம் ஊர் புல்லட் மட்டும் பல வருடம் பழைய வழக்கத்திலேயே ஓடியது. இடது கியரும் பட்டன் ஸ்டார்ட்டும் அதற்கு வந்தது 2000க்குப் பிறகுதான்.

அதே காலத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு வேடிக்கை: கியர் நெம்பும் கிக்கரும் ஒன்றேதான், அதுவும் இடது பக்கம். நெம்பைத் திருப்பி நிறுத்தி உதைத்தால் ஸ்டார்ட். மறுபடி முன்னால் விழுந்தால் கியர். வலது கால் முடியாதவருக்கு ஜாவா நல்ல வண்டி, இடது கால் முடியாதவருக்குப் புல்லட் நல்ல வண்டி என்று அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அப்போதெல்லாம் கிடைத்த வண்டியை வாங்கினோம்.

வலது முழங்கால்

1980களில் கைமாற்றாக வாங்கிய புல்லட் ஒன்று என்னிடம் இருந்தது. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், மழைக்காலத்தில், சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கியபோது வண்டியோடு சாய்ந்தேன். சுமார் 165 கிலோ எடையுள்ள வண்டி வலது காலின் மேல் விழுந்தது. முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு விரிசல், தசைநார் கிழிசல். உறவினர்கள் சிலர் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகத் தயாராக நின்றார்கள். நான் எலும்பு மருத்துவரிடமே இருந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து நடக்கவிட்ட அவர், ‘நடக்கலாம், மாடிப்படி மெதுவாக ஏறலாம். உதைப்பது மட்டும் இனி வேண்டாம்’ என்றார். வேதகிரீஸ்வரர் மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

உதைக்காத வண்டி எது? அந்தத் தேடலில்தான் மற்ற வண்டிகளின் வரலாற்றுக்குள் போனேன்.

விமானக்காரர் செய்த ஸ்கூட்டர்

இத்தாலியில் கொராதினோ தஸ்கானியோ என்றொரு பொறியாளர். ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பியாஜியோ கம்பெனி விமானம் செய்ய முடியாத நிலையில் மலிவான வண்டி ஒன்றைச் செய்ய நினைத்து அவரிடம் கொடுத்தது. அவருக்கோ மோட்டார் சைக்கிள் என்றாலே பிடிக்காது. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், செயின் எண்ணெய் துணியில் படும், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்து நீக்கியது போல அவர் செய்ததுதான் 1946-ல் வந்த வெஸ்பா. நடுவில் காலை வைத்து ஏற இடம், மூடிய இன்ஜின், இடது கையில் கியர், விமானச் சக்கரம் போல ஒருபக்கமாகத் தாங்கும் முன்கை. பின்னாளில் ஸ்டெப்னி சக்கரமும் கூடவே வந்தது.

1960-ல் பஜாஜ் வெஸ்பாவை உரிமம் பெற்று இந்தியாவில் செய்யத் தொடங்கியது. பம்பாயில் லாம்பிரெட்டா அதற்கு முன்பே வந்துவிட்டது. பஜாஜுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்ததை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். வேட்டி கட்டியவரும் ஓட்டலாம், புடவை கட்டியவரும் பின்னால் உட்காரலாம். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தைப் பார்த்து எழுதிய விதி அது.

ஆனால் பழைய பஜாஜ் உதைப்பதில் புல்லட்டுக்குக் கொஞ்சம்தான் சளைத்தது. இன்ஜின் வலது பக்கமாக இருக்கும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியை இடது பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி மறுபடி உதைப்போம். அதற்கும் முழங்கால் வேண்டும். அந்தக் கஷ்டத்தை நீக்கியது 1980களின் நடுவில் வந்த கைனெடிக் ஹோண்டா. கியர் கிடையாது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். அது பெண்களின் வண்டி என்று ஆபீஸில் கேலி பேசிய ஆண்கள் பலர் பத்து வருடம் கழித்து அதேபோன்ற வண்டியில் வந்தார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி ஆக்டிவா வந்தபின் கேலியும் நின்றுபோனது.

கால் ஆறியதும் நானும் ஒரு கியரில்லாத ஸ்கூட்டர் வாங்கினேன். முழங்காலுக்கு நிம்மதி. இரண்டு பிரேக்கும் கையில். காலுக்கு வேலையே இல்லை. எடையும் சுமார் 110 கிலோதான். ஆனால் வேறொரு பாடம் காத்திருந்தது. ஸ்கூட்டரின் சக்கரம் சின்னது, 10 அங்குலம். 19 அங்குலச் சக்கரம் ஒரு பள்ளத்தின் மேலே ஏறிக் கடக்கும். 10 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். தட்டையான நகரச் சாலைக்கு அது போதும். ஏரிக்கரைச் சாலையிலும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய தெருவிலும் ஓட்டினால் அடி நேராக இடுப்பு எலும்புக்கு வரும். காலைக் காப்பாற்றி முதுகைக் கொடுத்தது போல ஆயிற்று. ஸ்கூட்டரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளம் வரும்போது கொஞ்சம் எழுந்து கொடுக்கவும் முடியாது. மோட்டார் சைக்கிளில் கால் கிட்டத்தட்ட உடம்புக்கு நேர் கீழே இருப்பதால் அது முடியும்.

சோலெக்ஸிலிருந்து எக்ஸ்.எல். வரை

சின்ன வயதில் புதுச்சேரியில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சோலெக்ஸில் வருவார். கருப்புச் சைக்கிள், முன் சக்கரத்துக்கு மேலே பானை மாதிரி ஒரு குட்டி இன்ஜின். பெடல் மிதித்து வேகம் பிடித்தபின் ஒரு நெம்பைத் தள்ளினால் இன்ஜின் கீழிறங்கி டயரைத் தொட்டுச் சுற்றும். வெர்னர் சகோதரர்கள் கைவிட்ட இடத்திலேயே இன்ஜினை வைத்திருந்தாலும், அது அவ்வளவு லேசானதால் சமாளித்தது. 1946-ல் பிரான்ஸில் விற்பனைக்கு வந்த வண்டி. 1949-ல் மோட்டோபெகான் கம்பெனி மொபிலெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் இந்தியத் தம்பிதான் நாம் பார்த்த சுவேகா. திருப்பதியில் இருந்த மொபெட்ஸ் இந்தியா கம்பெனி மோட்டோபெகான் உதவியோடு செய்தது.

பிறகு 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரும் மொபெட். தபால்காரர், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கிராம நிர்வாக அலுவலர் என்று எல்லார் வீட்டு வாசலிலும் நின்றது. அதன் வழியில் வந்தவை எக்ஸ்.எல். வண்டிகள். தென்னங்குலை, அரிசி மூட்டை, சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து மீன் கூடை என்று அது சுமக்காத பாரமில்லை. அதனாலேயே அதற்கு மரியாதை குறைவு. மூட்டை வண்டி என்று பெயர்.

அந்த மூட்டை வண்டியை அடிபட்டவரின் கண்ணால் பாருங்கள். நடுவில் காலை விட்டு ஏறலாம். கியர் இல்லை, கிளச் தானாக வேலை செய்யும். இரண்டு பிரேக்கும் கையில். எடையோ புல்லட்டில் பாதிதான். சக்கரம் 16 அங்குலம். ஸ்கூட்டரைப் போலப் பள்ளத்தில் விழாது. உட்காரும் நிலை சைக்கிளைப் போல நிமிர்ந்தது. ஒரே குறை, கிக்கர். 2018-ல் எக்ஸ்.எல். 100 வண்டிக்குப் பட்டன் ஸ்டார்ட் வந்தபோது அந்தக் குறையும் போயிற்று. அந்த வருடமே நான் ஸ்கூட்டரை மருமகளிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கினேன்.

டீக்கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ‘என்ன சார், புல்லட்டில் வந்தவர் மூட்டை வண்டியில் வருகிறீர்களே, வியாபாரம் ஏதாவது ஆரம்பித்தீர்களா?’ என்றார்கள். அவர்களில் இருவர் இப்போது அதே வண்டியில் வருகிறார்கள்.

அதற்கும் எல்லை உண்டு. லேசான வண்டி என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் கடக்கும்போது காற்று தள்ளும். அங்கே நான் அதை எடுத்துப் போவதில்லை. ஊருக்குள்ளும் செங்கல்பட்டு வரையிலும்தான் அது என் வண்டி.

கூடுதல் சக்கரங்கள்

காலே முழுதாக ஒத்துழைக்காதவர்களுக்கு என்ன வழி? அதற்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் பெர்ட் கிரீவ்ஸ் என்றொரு பொறியாளர். அவருடைய உறவினர் டெர்ரி பிரெஸ்டன்-காப் நடக்க முடியாதவர். கிரீவ்ஸ் அவருடைய சக்கர நாற்காலிக்கு ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். உறவினர்கள் இருவரும் சேர்ந்து இன்வகார் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் அரசு அதன் மூன்று சக்கர வண்டிகளை வாங்கி ஊனமுற்றோருக்கு வழங்கியது. அந்தச் சிறு வண்டிகளுக்குச் செய்த ரப்பர் ஸ்பிரிங் அனுபவத்தை வைத்தே, 1950களில் கிரீவ்ஸ் மோட்டார் சைக்கிள் போட்டிகளில் புகழ்பெற்ற வண்டிகளைச் செய்தார். உடல் முடியாதவருக்காகச் செய்த வேலை, திடகாத்திரமானவர்களின் போட்டி வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் அதற்கு இணையானது, பின்னால் இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இத்தகைய ஸ்கூட்டர்களைத் தகுதியுள்ளவர்களுக்கு வழங்கிவருகிறது. கலெக்டர் ஆபீஸ் வளாகங்களில் அவை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பது, கோப்பு பார்த்துப் பழகிய எனக்குச் சுவையாக இருந்தது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் உடல் குறை உள்ளவர்களுக்கான வண்டிக்கு ஒரு வரையறை இருந்தது. அப்படிப்பட்டவருக்கென்றே தனியாக வடிவமைத்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும். சாதாரண வண்டியை மாற்றியமைத்தது மட்டும் போதாது. ஆனால் நடைமுறையில் ஓடியது பெரும்பாலும் மெக்கானிக் கடையில் சக்கரம் பொருத்திய வண்டிகளே. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது ‘மாற்றியமைத்த வாகனம்’ என்ற புதிய வரையறை வந்தது. தனியாகச் செய்ததும் சரி, முறைப்படி மாற்றியமைத்ததும் சரி, இரண்டுமே அதில் அடங்கும். ஒரு சொல் மாறினால் எத்தனை பேருக்கு வழி திறக்கிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். மாற்றியமைப்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விபத்தானால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும்.

தலையை மறக்கக் கூடாது

காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் டி.இ. லாரன்ஸ், அதாவது ‘அரேபியாவின் லாரன்ஸ்’, சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்கு ஒதுங்கியபோது தன் பிரோ சுப்பீரியர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் கழித்து இறந்தார். வயது 46. அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அந்தச் சாவு அவர் மனதை விட்டு அகலவில்லை. பின்னர் இராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலையில் அடிபட்டு இறப்பதை ஆராய்ந்து, 1941-ல் ஹெல்மெட்டின் அவசியம் பற்றிக் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் இராணுவம் தன் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

நம் மாநிலத்தில் 2007-ல் ஒருமுறை கட்டாயம் என்றார்கள், பிறகு தளர்ந்தது. உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயமானது. இன்றும் நம் வயதுக்காரர்களில் பலர் ஹெல்மெட்டை டேங்கின் மேலோ கையிலோ மாட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்பார்கள். நான் விழுந்ததும் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். அன்று தலையில் ஹெல்மெட் இருந்ததால்தான் முழங்காலைப் பற்றி மட்டும் எழுத முடிகிறது.

எதைப் பார்த்து வாங்குவது

இத்தனை வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இளைஞர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

முதலில், எந்த மூட்டு அடிபட்டது என்று பாருங்கள். முழங்கால், இடுப்பு என்றால் காலைத் தூக்கிப் போடாமல் ஏறும் வண்டி. மணிக்கட்டு, தோள் என்றால் குனிந்து ஓட்டும் புதிய மாடல் வண்டிகள் வேண்டாம். உடம்பின் கனமெல்லாம் கையில் இறங்கும். முதுகு என்றால் சக்கரத்தின் அளவைப் பாருங்கள். பெரிய சக்கரம் நல்லது.

இரண்டாவது, நின்ற வண்டியை வைத்துச் சோதியுங்கள். கடையிலேயே உட்கார்ந்து இரண்டு காலும் முழுதாகத் தரையில் படுகிறதா பாருங்கள். வண்டியை நல்ல கால் பக்கமும் அடிபட்ட கால் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். அடிபட்ட கால் தாங்கவில்லையென்றால் அந்த வண்டி வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட முடிகிறதா என்றும் பாருங்கள். முதுகு பிடித்துக்கொள்வது ஓட்டும்போதைவிட ஸ்டாண்டு போடும்போதுதான் அதிகம்.

மூன்றாவது, சீட்டின் மென்மையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் ஐந்து நிமிடம் மெத்தென்று இருப்பது அரை மணி நேரத்தில் வலிக்கும். நண்பரின் வண்டியைக் கேட்டு வாங்கி, நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

நான்காவது, லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பித்துத் தருகிறார்கள். மருத்துவச் சான்றும் வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். கண்ணையும் காதையும் பரிசோதிக்க அது ஒரு சந்தர்ப்பம்.

கடைசியாக, நிறுத்த வேண்டிய நாளும் வரும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாதபோது, எதிரே வரும் விளக்கில் சாலை தெரியாதபோது, சாயும் வண்டியை ஒரு காலால் தாங்க முடியாதபோது, எந்தச் சொகுசு வண்டியும் உதவாது. என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் இடுப்பில் அடிபட்டதும் அன்றே சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். உடம்பு தேறிய பிறகும் வெளியே வரவில்லை. அவருடைய இடுப்பைவிட மனசுதான் அதிகம் நொந்தது. இன்னொருவர் கண் மங்கிய பிறகும் புல்லட்டை விடாமல் ஓட்டி இரண்டாவது முறையும் விழுந்தார். இருவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உடம்புக்குத் தக்கபடி வண்டியை மாற்றுவது, அதிலும் முடியாது என்ற நாளில் மரியாதையாக நிறுத்துவது.

இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. அவற்றில் சில ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தே வருகின்றன. சத்தமில்லை, உதையில்லை, பின்னால் தள்ள ரிவர்ஸ் கூட சிலவற்றில் இருக்கிறது. பாட்டரியின் கனம் கீழே இருப்பதும் நல்லதே. சக்கரம்தான் இன்னும் சின்னது. 16 அங்குலச் சக்கரத்தோடு, காலை விட்டு ஏறும்படி ஒரு மின்சார வண்டி வந்தால் அடுத்த லைசென்ஸ் புதுப்பிக்கும்போது நான் அதைப் பார்க்கப் போவேன். மருத்துவர் சான்று கொடுத்தால், அதுதான் என் கடைசி வண்டியாக இருக்கும்.